இடது பக்கத்து வயலின்

நேற்று பள்ளி விட்டு வரும்போது, டவுன் பஸ்ஸில், இடது காதில் பாட்டு நின்றுவிட்டது.

உன் இயர்போன்தான். நாங்கள் செவிலிமேட்டுக்கு வீடு மாறிய பிறகு தினமும் பஸ். தினமும் அதை மாட்டிக்கொள்கிறேன். அரக்குப் பட்டு நூல் சுற்றியிருக்கிற அந்த இடம் மடங்காமல் எப்போதும் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். நேற்று ஒரு அம்மாவின் கூடை அதில் மாட்டி இழுத்துவிட்டது. அந்த அம்மா, "அய்ய, அறுந்துபோச்சாமா?" என்று கேட்டது எனக்கு இடது காதில் கேட்டது. அப்போதுதான் அந்தப் பக்கம் பாட்டு இல்லை என்று தெரிந்தது.

ஆனால் வலது காதில் பாட்டு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. குரல் இருந்தது, தபேலா இருந்தது, அந்த வயலினும் இருந்தது. எதுவும் குறையவில்லை. உனக்கு இப்படித்தான் கேட்டிருக்கிறது! ஒரு பக்கம் முழுப் பாட்டு, மறுபக்கம் ஒன்றுமில்லை. விரலால் இடது காதை அடைத்துக்கொண்டு எத்தனையோ முறை முயன்று பார்த்திருக்கிறேன், எனக்கு வந்ததே இல்லை. நேற்று அது தானாக வந்தது. நீ இல்லாதபோது வந்து என்ன செய்ய?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி, சின்ன காஞ்சிபுரத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். அதை எழுதுவதற்கு முன்னால் மற்றதை எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு அழுகை வராமல் இருக்கும்.

ஆறாம் வகுப்பில் முதல் நாள் நான் உன் இடது பக்கம் வந்து உட்கார்ந்தேன். புது நோட்டுக்கு அட்டை போடுவது பற்றி நிறைய பேசினேன். நீ கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாய். திமிர் பிடித்த பெண் என்று நினைத்தேன். மணி அடித்ததும் நீ என் பக்கம் திரும்பி, "இந்தாண்ட வந்து உக்காரு. அந்தாண்டயிருந்து பேசுனா நீ பேசுறதெல்லாம் வேஸ்ட்டு" என்றாய். ஏன் என்று கேட்டேன்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. போவும்போது இந்தக் காதையும் எடுத்துக்கினு போயிடுச்சு."

ஏதோ பென்சில் தொலைந்ததைச் சொல்வது போலச் சொன்னாய். அன்றிலிருந்து நான் உன் வலது பக்கம். வகுப்பில், பஸ்ஸில், தெருவில், வைகாசி கருட சேவைக் கூட்டத்தில், எங்கேயும். யாராவது உன்னைக் கூப்பிட்டால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாது. ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பாய். வகுப்பில் உனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தார்கள். நீ கோபப்படவில்லை. வேண்டுமென்றே இரண்டு சுற்று சுற்றிக் காட்டுவாய், பாவாடை குடை மாதிரி விரியும்.

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் சென்னையிலிருந்து உன் தாய்மாமா அந்த எம்.பி.3 பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரல் அளவுதான். நிறைய பழைய பாட்டுகளை அதில் ஏற்றியிருந்தார். கூட வந்த இயர்போன் மட்டும் மட்டமானது. காது மடலில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும், தலையைத் திருப்பினால் விழுந்துவிடும். நல்லதாக ஒன்று வாங்க வேண்டும் என்றாய். உடனே நான் நூலகத்துக்கு ஓடினேன். உனக்குத்தான் தெரியுமே என்னை. எதை வாங்குவதானாலும் எனக்கு முதலில் படித்துவிட வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். வந்து உன்னிடம் ஒப்பித்தேன். இயர்போனில் இரண்டு வகை. ஒன்று மடலிலேயே நிற்கும், வெளிச் சத்தமும் கேட்கும். இன்னொன்று ரப்பர் மூடியோடு காதுத் துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். வெளிச் சத்தம் உள்ளே வராது, அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்தே கேட்கலாம், காதுக்கும் நல்லது. ஆனால் ரப்பர் சரியான அளவாக இருக்க வேண்டும். பெரிதானால் வலிக்கும், சிறிதானால் பாட்டின் அடிச் சத்தமெல்லாம் ஒழுகிப் போய்விடும்.

நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு காதுக்கு மட்டும் விப்பாங்களான்னு போட்டுக்குதா அதுல?" என்றாய்.

மடலில் நிற்கிற வகைதான் உனக்கு நல்லது என்று நான் வாதாடினேன். இருக்கிற ஒரு காதையும் அடைத்துக்கொண்டால் யார் கூப்பிட்டாலும் கேட்காதே என்று பயந்தேன். நீ கொஞ்சமும் அசையவில்லை.

"இருக்கிறதே ஒரு காது. அதுல தறி சத்தம், ஆட்டோ சத்தம், எங்கம்மா கத்துறதுன்னு எல்லாம் வந்து உக்காந்துக்கினா பாட்டு எங்கடி உக்காரும்? கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் இருக்கட்டும்."

பஸ் நிலையத்துக்குப் பின்னால் செல்போன் உறை விற்கிற சின்னக் கடைக்குப் போனோம். இயர்போன்கள் புடலங்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்கார அண்ணன் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, "ரெண்டு காதுலயும் மாட்டிப் பாரும்மா, பேஸு சும்மா அதிரும்" என்றார்.

"ஒரு காதே போதும்ணா. பாதி வெல போட்டுக் குடுங்க."

"ஜோடியாதாம்மா வருது. செருப்பு ஒத்தையா விப்பாங்களா?"

"ஒத்தக் காலுக்காரி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கூடவே ஒரு சின்னக் கவரில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று ரப்பர் மூடிகள் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றி உன் வலது காதில் வைத்துப் பார்த்தோம். நடுத்தரம் உள்ளே போகாமல் வலித்தது. சிறியது கச்சிதமாக உட்கார்ந்தது. சோதித்துப் பார்க்க ஒரு வழியும் நானே கண்டுபிடித்தேன். பாட்டு ஓடும்போது நான் உன் வலது பக்கம் நின்று பேச வேண்டும், உனக்குக் கேட்கவில்லை என்றால் அளவு சரி. நான் பேசினேன். நீ தலையை ஆட்டிக்கொண்டு பாட்டில் இருந்தாய். ஒரு சொல்கூட உனக்குள் போகவில்லை. பிறகு அதைக் கழற்றிவிட்டு, "இன்னாடி சொன்னே?" என்று கேட்டாய்.

"உன் மூக்கு கோணல்னு சொன்னேன்."

அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னேன்.

அன்று மாலை உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டோம். வலது உனக்கு, இடது எனக்கு. நீ எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் கம்பி நம் இருவர் தோளுக்கும் நடுவில் தொங்கியது. அந்தப் பழைய பாட்டில் பல்லவி முடிந்ததும் ஒரு வயலின் வருமே, யாரோ அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது போல. "இந்த வயலின் எவ்வளவு நல்லா இருக்குது பாரேன்" என்றேன்.

"எந்த வயலினு?"

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். இல்லை. உன் பக்கத்தில் வயலினே இல்லை. மாற்றி மாட்டிக்கொண்டோம். இப்போது உனக்கு வயலின் வந்தது, தபேலாவும் புல்லாங்குழலும் போய்விட்டன. ஸ்டீரியோ என்றால் அதுதான் என்று நான் பத்திரிகையில் படித்திருந்தேன். வாத்தியங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து வைப்பார்கள், அதனால் நமக்கு முன்னால் கச்சேரி நடப்பது போல இருக்கும். படித்திருந்தேனே தவிர, உனக்கு அது என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

நீ ஒவ்வொரு பாட்டாகப் போட்டு, இடதையும் வலதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். முதலில் வேடிக்கையாக இருந்தது உனக்கு. கடைசியில் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "அப்போ எல்லாத்தையும் பாதியாத்தான் கேட்டுக்கினு இருந்தேனா?" என்றாய்.

அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, உன் காதுக்காக நீ வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒரு மாலைதான். உனக்கு ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்க வைக்க வேண்டும், அதைவிட எனக்கு வேறு வேலை இல்லை என்று வீட்டுக்குப் போகும்போது நினைத்துக்கொண்டேன். கடை கடையாகக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே காதில் வருகிற இயர்போன் இருக்கிறதா என்று கேட்டால் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். ரேடியோவுக்கு மாட்டுகிற ஒற்றைக் காது ஒன்று ஒரு கடையில் கிடைத்தது. மாட்டிப் பார்த்தால் அதிலும் ஒரு பக்கம்தான் வந்தது. பிளேயரில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "உடுடி. பாதியே நல்லாத்தான் இருக்குது" என்று நீதான் என்னைத் தேற்றினாய்.

பிறகு கம்பி அறுந்தது.

விடுமுறை நாட்களில் நீ உன் அப்பாவோடு தறியில் உட்காருவாய். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கரைக்கான நூலைச் சுமந்து ஓடுகிற தனி நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். உன் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் "ம்" என்றால் தள்ளுவாய். அந்த நேரத்தில் இயர்போன் காதில் இருக்கக் கூடாது என்பது உன் அப்பா போட்ட சட்டம். நீ கழுத்தில் போட்டுக்கொண்டாய். அது நழுவித் தறிக் குழிக்குள் தொங்கி, அவர் மிதிக்கிற பலகையில் சிக்கி, துண்டாகிவிட்டது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். நீ அழவில்லை, அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாய். உன் அப்பாதான் பதறிப்போனார்.

"குடுமா, நான் சேத்துத் தரேன். நூல சேக்கத் தெரிஞ்சவனுக்கு இது இன்னா."

மேலுறையை உரித்து உள்ளே பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏய், இங்க பாரு! உள்ள நூலு இருக்குது! நூல் மேல கம்பி சுத்தியிருக்குது. இது நம்ம சரிகை மாதிரியே இருக்குதேமா!" என்று உன் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, நிறமில்லாமல் செம்பாக ஒன்று. உள்ளே இருப்பது பட்டா நைலானா என்று தெரிய வேண்டுமே அவருக்கு. தீக்குச்சி கிழித்து முனைகளைக் கொளுத்திப் பார்த்து, முகர்ந்து, "பட்டு இல்ல" என்று கொஞ்சம் ஏமாந்த மாதிரி சொன்னார். தறியில் ஓடி முடிந்த பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவு நூலைச் சேர்ப்பது போல விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கினார். செம்பைச் செம்போடு. சிவப்பையும் பச்சையையும் மட்டும் பிரிக்காமல், இரண்டு பக்கத்தையும் ஒரே முறுக்காக.

"மாமா, சிவப்பு சிவப்போட, பச்சை பச்சையோட" என்று நான் சொல்வதற்குள் முடித்துவிட்டார்.

"கலரு வெறும் சாயம்மா. உள்ள கம்பிதான முக்கியம்?" என்று சொல்லி, மேலே அரக்குப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

நீ அதை வாங்கி வலது காதில் வைத்துப் பாட்டைப் போட்டாய். வேலை செய்கிறதா என்று நாங்கள் மூன்று பேரும் உன்னையே பார்த்தோம். பல்லவி முடிந்திருக்கும். உன் கண் பெரிதானது. எழுந்து நின்றுவிட்டாய்.

"ஏய்! வயலினு! தபேலாவும் இருக்குது, வயலினும் இருக்குது! ரெண்டும் ஒண்ணா வருதுடி!"

காதை அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்று உனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னேன். இடதையும் வலதையும் கலந்துவிட்டீர்கள் மாமா, அதனால் பிரிந்திருந்த பாட்டு ஒன்றாகிவிட்டது, ஒரே காதில் எல்லாம் வருகிறது. அந்தத் தீக்குச்சிதான் கம்பிமேல் இருந்த சாயப் பூச்சை எரித்திருக்கும், அது போகாவிட்டால் எவ்வளவு முறுக்கியும் பாட்டு வந்திருக்காது என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ காதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலயேன்னு இருந்துச்சும்மா" என்றார். உனக்கு அது கேட்கவில்லை. நீ பாட்டில் இருந்தாய்.

அந்த மாதங்களை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நீ எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து கேட்டாய். "இதுல மணி அடிக்கிறாங்கடி!" "இதுல கூட ஒரு பொம்பள பாடுறாங்க, இன்னைக்குத்தான் தெரியுது!" என்று தினமும் ஏதாவது ஒரு செய்தி இருக்கும். நானும் உன்னோடு இரண்டாம் முறை புதிதாகக் கேட்டேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவிலும் நிறைய பேருக்கு வந்து போனது, அதனால் யாரும் பயப்படவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு வந்தபோது ஒரு நர்ஸ் உன் அம்மாவிடம், "கூப்பிட்டா பதிலே இல்லம்மா, ரொம்ப டல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் கட்டிலைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வலது பக்கம் சுவர். வருகிறவர்கள் எல்லோரும் இடது பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவும் நானும் கட்டிலை இழுத்துப் போட்டோம். நான் வலது பக்கம் வந்து, "பம்பரம்" என்றேன். கண்ணைத் திறந்தாய்.

"இத்தினி நேரம் எங்கடி போனே? எல்லாரும் வாயை வாயை அசைக்கிறாங்க, பேஜாரா இருக்குது."

பாட்டு வேண்டும் என்று கேட்டாய். உன் பையிலிருந்து இயர்போனை எடுத்து உன் காதில் வைத்தேன். சிறிய ரப்பர் மூடி. நீ மற்றதைத் தடவி எடுத்து என் கையில் வைத்தாய். நானும் மாட்டிக்கொண்டேன். இப்போது நம் இருவருக்கும் ஒரே பாட்டு, வயலினோடு. நீ தூங்கிய பிறகு மெதுவாகக் கழற்றினேன். "நீயே வச்சிரு, இங்க தொலைஞ்சிடும்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய். தூங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நீ நடந்து வரவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கூட்டத்துக்குள் நுழையும்போது இடது பக்கம் இடம் இருந்தது. "இங்க உக்காருமா" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் சுற்றிக்கொண்டு, ஆட்களைத் தாண்டி, வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தும் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. உன் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிளேயரைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். உன் அம்மா வாங்கவில்லை. "அவ உன்கிட்டதான குடுத்தா" என்று என் கையை மூடினார்.

நேற்று போனபோது உன் அப்பா தறியில் இருந்தார். தனியாக. இப்போது உடலும் கரையும் ஒரே நிறமாக வருகிற புடவை மட்டும்தான் நெய்கிறாராம். அதற்குத் துணை ஆள் வேண்டாம். அவருக்கு இடப்பக்கம், நீ உட்காருகிற பலகை அப்படியே இருக்கிறது. அதன்மேல் எதுவும் வைக்கவில்லை.

"வாம்மா. அறுந்துபோச்சா? குடு." என் கையில் இருந்ததைப் பார்த்த உடனே கேட்டார். அரக்கு நூலைப் பிரித்து, ஒரு நுனி மட்டும் நழுவியிருப்பதைக் கண்டுபிடித்தார். சாம்பலைத் தொட்டுக்கொண்டார். "அன்னைக்கு மாதிரியே சேத்துடவா, இல்ல கலரு கலரா சேக்கணுமா? உனக்கு ரெண்டு காதும் கேக்குதே."

"சேக்க வேணாம் மாமா. இப்படியே இருக்கட்டும்."

"ஏம்மா, இந்தாண்ட கேக்காதே?"

"அவளுக்கு இப்படித்தான் கேட்டுச்சு மாமா."

அவர் கை நின்றது. பிறகு இரண்டையும் எடுத்துத் தன் காதுகளில் மாட்டிக்கொண்டார். இதுவரை அவர் அதை ஒரு முறைகூடக் காதில் வைத்ததில்லை. எது வலது என்று நான் மாற்றிக் கொடுத்தேன். பாட்டைப் போட்டேன். பல்லவி முடிந்தது. வயலின் வந்திருக்கும். அவர் அந்தப் பலகையைப் பார்த்தபடியே கேட்டார். கண்ணீர் மீசையில் இறங்கியது, துடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும், "நல்லா கேட்டிருக்கா" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். உன்னைப் போலவே அவருக்கும் எவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை.

நழுவிய நுனியை வெளியே விட்டுவிட்டு, மற்றதன்மேல் புது நூல் சுற்றிக் கொடுத்தார். அதே அரக்கு.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும். எதிரில் வந்த சைக்கிள்காரர் மணியடித்து, "ஓரமா போம்மா, நடுரோட்லயா நடப்பாங்க" என்று திட்டினார். அப்போதுதான் பார்த்தேன். என் இடது பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நடந்துகொண்டிருக்கிறேன். நேற்று மட்டும் இல்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான் நடக்கிறேன் என்று அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

அன்று கடையில் உன் காது அடைத்திருந்தபோது சொன்னதை நேற்று அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னேன். இயர்போனைக் கழற்றிவிட்டு, தெருவில் ஆள் இருந்தும், உனக்குக் கேட்கிற மாதிரி.

"நீ பக்கத்துல இருந்தா எனக்கு எதுவும் பயமா இருக்காதுடி."

பிறகு ஓரமாகப் போகாமல் அப்படியே நடந்தேன். நீ என் இடது பக்கம்.